பொக்கைக் கழுத்து

பகலெல்லாம் பிறர் வாய்க்குப் பல் செய்கிறேன்,
ரெய்ஸ்தோர்ப்பில், டயர் கடைக்கு மேல்மாடியில்.
மெழுகு, பிளாஸ்டர், ஈறு நிறத்தில் அக்ரிலிக்.
ஐந்து மணிக்குப் பிறகு அதே மேசையில்
ஒரு சுரைக்குடுவைக்குக் கழுத்து செய்கிறேன்.

குடுவை சந்தையில் திருமதி ம்கீஸே கொடுத்தது.
புளித்த பால் வைத்திருந்தார்களாம் அதில்.
மூன்று முறை கழுவியாயிற்று. இன்னும் தட்டினால்
முதலில் மோர் வாசனை,
பிறகுதான் ஓசை.
வாய்க்கு ஆட்டுத்தோல், காசிம் கசாப்புக் கடையில் கேட்டு வாங்கியது.
தந்திக்கு மீன்பிடி நைலான்.
ஏட்டுச் சுரைக்காய் என்று இனி ஒருவரும் சொல்ல முடியாது.

பாஞ்சோவுக்கு ஒரு கழுத்து போதும்.
என்னிடம் இரண்டு கிடக்கின்றன.
ஒன்றில் பித்தளை மெட்டுகள் பதினொன்று,
ஒவ்வொன்றையும் கடைவாய்ப் பல் போல
அரத்தால் ராவி, உயரம் பார்த்து இறக்கினேன்.
மற்றது காட்டு ஆலிவ், வழவழவென்று,
பென்சில் கோடுகூட இல்லை.
குடுவையில் துளை ஒருமுறைதான் போடலாம்.
மெட்டு வைத்ததற்கு ஒரு சாய்வு,
மொட்டைக்கு வேறு சாய்வு.

"பல் போனால் சொல் போச்சு, தவமணி" என்றான்
கீழே டயர் மாற்றும் டெஸ்மண்ட் பெருமாள்.
ஞாயிறுதோறும் சர்ச்சில் கிதார் வாசிப்பவன்.
"மெட்டு இருந்தால் விரல் கொஞ்சம் தப்பினாலும்
சுரம் தப்பாது.
மெட்டில்லாதது படியில்லாத மாடி."
படியில்லாத மாடிக்குப் பூனை போகிறதே என்றேன்.
"நீ பூனையா?" என்றான்.
பதில் சொல்லத் தெரியவில்லை.

போன மாதம் திரு. மாரிமுத்து வந்தார்.
இருபத்தெட்டுப் பல்லும் அளவெடுத்தாற்போல் பொருந்தியிருந்தன.
ஆப்பிள் கடிக்கிறார், வங்கியில் சண்டை போடுகிறார்.
"எல்லாச் சொல்லும் வருது, ஒன்னைத் தவிர.
என் பெண்சாதி பேரு."
அழகம்மா.
மேல்தகடு நாக்கை மடங்க விடவில்லை.
ராவினேன். அலகம்மா என்றார்.
இன்னும் ராவினேன். அரகம்மா.
கடைசியில் இரண்டு வரிசையையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
ஒருமுறை கூப்பிட்டார், என் பட்டறைச் சுவரைப் பார்த்து.
ல-வும் இல்லை, ர-வும் இல்லை,
இரண்டுக்கும் நடுவே வழுக்கிப் போய் நின்ற இடம்.
அந்த இடத்துக்கு எந்த மெட்டை அடிப்பேன்?

ஆனாலும் நேற்று இரவுவரை துளை போடவில்லை.
எட்டு மணிக்குக் கரண்ட் போனது.
டெஸ்மண்ட் ஜெனரேட்டரை இழுத்துவிட்டான்,
தம்பூராவின் மாமியார் மாதிரி ஓர் உறுமல்.
கழுத்துகளை இரண்டு பெயிண்ட் டப்பாக்களில் மாட்டி
இருட்டிலேயே மீட்டிப் பார்த்தேன்.
கம்ப்ரசர் ஓடும்போதெல்லாம்
அந்தச் சுருதி கொஞ்சம் தொய்ந்து இறங்கும்.
மெட்டுக் கழுத்து அசையவில்லை.
தன் பக்கம் நியாயம், மின்சாரத்தின் பக்கம் பிழை.
உண்மைதான், குறை சொல்ல முடியாது.
மற்றதில் என் விரல்
யாரும் சொல்லாமல் ஓர் உமியின் அகலம் கீழே போய்
உறுமலோடு உட்கார்ந்தது.
கம்ப்ரசர் நின்றது. கூடவே ஏறி வந்தது.

அதற்குப் பிறகு வாசித்த நாலு சுரமும் அபசுரம்.
அதையும் சொல்லிவிட வேண்டும்.

காலையில் துளை போட்டேன், மொட்டைக்கான சாய்வில்.
மெட்டுக் கழுத்தை டப்பாவோடு டெஸ்மண்டுக்குக் கொடுத்தேன்.
பெயிண்ட் நாறுகிறது என்றான்,
திருப்பித் தரவில்லை.

சுரைக்குடுவையில் நான் தேடுவது பாட்டு இல்லை,
அந்த ஒரு ழ.
இன்னும் கிடைக்கவில்லை. ஒருமுறை பக்கத்தில் போனேன்,
விரல் வியர்த்திருந்தது, தாண்டிவிட்டது.

திங்கட்கிழமை மாரிமுத்து வருவார்,
மீதிப் பணம் தர.
பற்கள் சட்டைப்பையில் இருக்கும்.